பருப்பு வேகும் தண்ணீர்

சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டை ஒட்டிய ஊர்களில் தண்ணீரின் தரத்தைச் சொல்ல எண்கள் தேவைப்பட்டதில்லை. “அந்தக் கெணத்துத் தண்ணில பருப்பு வேகாது” என்று ஒருவர் சொன்னால் தீர்ந்தது. அந்தக் கிணறு குளிக்க, மாட்டுக்குக் காட்ட, பாத்திரம் கழுவ என்று ஒதுங்கிவிடும். “சோப்புப் போட்டா நுரையே வராது” என்றால் அதற்கும் ஒரு படி கீழே. பருப்பு குழைய வேகும் கிணறு எதுவோ அதுதான் நல்ல தண்ணிக் கிணறு. அரை மைல் நடக்க வேண்டியிருந்தாலும் காலையும் மாலையும் குடங்கள் அங்கேதான் போகும்.

அடுப்படிப் பேச்சாகத் தெரியும் இந்தச் சோதனையில் தப்பே இல்லை. பருப்பின் செல்சுவரில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் அவை பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். எத்தனை விறகு எரித்தாலும் பருப்பு குழையாது. சோப்பையும் அதே கால்சியம்தான் திப்பி திப்பியாகத் திரிய வைக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் 1841-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதையே ஓர் அளவையாக மாற்றினார். ஒரு புட்டித் தண்ணீரில் சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்க வேண்டும். நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்க எவ்வளவு கரைசல் செலவாயிற்றோ அதை வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மையைக் கணக்கிட்டார். கிணற்றடியில் துணி துவைத்த பெண்கள் கையால் அறிந்ததை அவர் புட்டியில் அளந்தார்.

1940-களில் சூரிச் பேராசிரியர் ஷ்வார்சன்பாக் கண்ட, ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலால் அளக்கும் முறை வந்த பிறகு சோப்பு ஓய்வு பெற்றது. இன்று தமிழ்நாட்டின் எந்தப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். கூம்புக் குடுவையில் நிறங்காட்டி கலந்து திராட்சைச் சிவப்பு நிறத்தில் தண்ணீர். மேலே பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கரைசல். ஒரு சொட்டில் சிவப்பு மங்கி ஊதாவாகும், அடுத்த சொட்டில் பளிச்சென்று நீலமாகும். அந்தச் சொட்டு எது என்று கண்ணுக்குப் பிடிபட வேண்டும். அதற்கு முன்னால் குழாயை மூடினால் கணக்கு குறையும், பின்னால் மூடினால் கூடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம் என்கிறது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. கரைந்த உப்புகள் மொத்தமாக 500 வரை, வழியில்லாவிட்டால் 2,000 வரை. அந்த ‘வழியில்லாவிட்டால்’ என்ற பிரிவு சாத்தான்குளம் போன்ற ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுபோலவே இருக்கும்.

இந்த மண்ணைப் பார்த்தால் காரணம் புரியும். சாத்தான்குளம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தாலுகா. 1986 அக்டோபரில் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலிச் சீமை. மேற்கே பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று வயல்களை நனைத்துக்கொண்டே கிழக்காகப் போய்ப் புன்னைக்காயலில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. சாத்தான்குளத்துக்குக் கிடைத்தது கருமேனியாறு. மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல். தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துக்கொள்ள, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே ஆண்டு முழுக்க வாழ வேண்டிய நிலம். கிழக்கேயும் தெற்கேயும் காற்று குவித்த செம்மணல் மேடுகள், அதாவது தேரி. எவ்வளவு மழை பெய்தாலும் தேரியில் தண்ணீர் ஓடாது. விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும்.

அடியில் இருக்கும் பாறைக்கும் உள்ளூர்ப் பெயர்தான். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் உள்ள பனம்பாறை என்ற ஊரின் பெயரையே புவியியலாளர்கள் அந்தப் பாறைக்கு வைத்து, பனம்பாறை மணற்கல் என்கிறார்கள். சுண்ணாம்பு கலந்த மணற்கல் அது. அதன் வழியே ஊறிவரும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பருப்பு வேகாத கிணற்றின் ரகசியத்தில் பாதி அங்கே இருக்கிறது. மீதிப் பாதி கடல்.

தண்ணீர் இல்லாத காடு என்று தேரியை எழுதிவிட முடியாது. தொல்லியலாளர்கள் ஜாய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் வெளியிட்ட ஆய்வில் சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பட்டியலிட்டார்கள். குவார்ட்ஸ், செர்ட் கற்களில் செதுக்கிய சின்னஞ்சிறு கருவிகள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மணலோரம் மனிதர் தங்கி வேட்டையாடியிருக்கிறார்கள் என்றால் குடிக்க நல்ல தண்ணீர் இருந்திருக்க வேண்டும். தேரிகளுக்கு நடுவே தாழ்ந்த பள்ளங்களில் மழைநீர் தேங்கும் இடங்களைத் தருவை என்பார்கள். வைரவன் தருவை, புத்தன் தருவை இரண்டும் இந்தத் தாலுகாவில் இன்றும் பேர் சொல்லும் நீர்நிலைகள்.

திருச்செந்தூர் போகிறவர்கள் நாழிக்கிணற்றைப் பார்த்திருப்பார்கள். கடலலை சத்தம் கேட்கும் தூரத்தில், பெரிய கிணற்றுக்குள் ஒரு சதுர அடி அளவே உள்ள ஊற்று. அதில் குடிக்கத்தக்க தண்ணீர். தாகத்தால் தவித்த படைவீரர்களுக்காக முருகன் வேலால் உண்டாக்கியது என்பது தலபுராணச் செய்தி. கடலுக்கு அவ்வளவு அருகில் நல்ல தண்ணீர் நிற்பதை விளக்க ஐரோப்பாவில் இருவர் தனித்தனியே முயன்றார்கள்: டச்சு ராணுவப் பொறியாளர் பாடன் கைபன் 1880-களின் கடைசியிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901-லும். இருவருக்கும் ஒரே விடை கிடைத்தது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆகவே கடற்கரை மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழம்வரை உப்பு நெருங்காது.

இந்த ஒரு வரிக் கணக்குதான் சாத்தான்குளம் வட்டாரத்தின் முழுக் கதையும் என்று சொல்லலாம். நேராகப் படித்தால் வரம். திருப்பிப் படித்தால் அச்சம்: மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை ஒரு மீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் உப்பு நாற்பது மீட்டர் மேலேறி வரும். கமலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். பம்புசெட்டுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் களைப்பு இல்லை. தாத்தா காலத்தில் இனித்த கிணறு பேரன் காலத்தில் கரிப்பதற்கு வேறு யாரும் மந்திரம் வைக்கவில்லை.

தண்ணீரைச் செம்மைப்படுத்த இந்த நாட்டில் முறைகள் இல்லாமலில்லை. அவற்றில் மூத்தது தேற்றாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை நன்றாக உரைத்து, கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் வண்டல் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். கலித்தொகைப் பாடல் ஒன்றில் மனம் தெளிந்த பெண்ணுக்கு உவமையாகவே இது வருகிறது. உவமையாகச் சொல்ல வேண்டுமென்றால் கேட்பவர் வீட்டில் எல்லாம் அந்தப் பழக்கம் இருந்திருக்க வேண்டும். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைப் பற்றிய பகுதியிலும் நெல்லி முதலியவற்றோடு இந்தக் கொட்டையைச் சேர்த்துக் கிணற்று நீரைத் தெளியவைக்கும் குறிப்பு உண்டு.

இரண்டாவது விதை முருங்கை. சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை செம்மண்ணில் இன்று பனைக்கு அடுத்துக் கண்ணில் படுவது முருங்கைத் தோட்டம்தான். காய் முற்றி வெடித்தால் விதைக்கு மட்டுமே விலை. அந்த விதைக்குள் கலங்கலைத் தெளியவைக்கும் புரதம் இருப்பதை உலக ஆய்வகங்கள் கவனித்தது 1970-களில். சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதியின் வண்டல் நீரில் முருங்கை விதைப் பொடியைக் கலக்கித் தெளியவைப்பதை ஜெர்மானிய ஆய்வாளர் சாமியா அல் அஸாரியா யான் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தார். 1990-களில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகப் பொறியியல் துறையைச் சேர்ந்த ஃபோல்கார்டும் சதர்லாந்தும் மலாவி நாட்டின் தியோலோவில் முருங்கை விதையைக் கொண்டு நீர் சுத்திகரிப்பு நிலையத்தையே இயக்கிக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் தீரவில்லை. விதைப் பொடியைக் கலக்கும்போது தேவையான புரதத்தோடு தேவையில்லாத சத்துகளும் தண்ணீரில் கரைகின்றன. அன்றே குடித்தால் பரவாயில்லை. ஓரிரு நாள் வைத்தால் அந்தச் சத்தைத் தின்று கிருமிகள் மறுபடி பெருகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்த ஸ்டெஃபனி வெலிகோலும் அவருடைய குழுவும் 2012-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பொடித்த விதையை நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் சாதாரண மணலைக் கலக்க வேண்டும். மணலின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது, புரதத்துக்கு நேர்மின்னூட்டம். புரதம் மணலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மணலை அலசினால் மற்றதெல்லாம் நீரோடு போய்விடும். மிஞ்சுகிற மணல் கலங்கலைப் பிடிக்கும், பாக்டீரியாவின் உறையையும் குலைக்கும். தேவையான பொருள்கள் முருங்கை விதை, மணல், தண்ணீர் மூன்றுதான். சாத்தான்குளத்தில் மூன்றாவது மட்டுமே தட்டுப்பாடு.

வெலிகோலின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் குறிப்பிடத் தக்கது. சுற்றுச்சூழல் பொறியியல் பாடத்தை அவர் தலைகீழாகத் திருப்பினார். விரிவுரையைப் பதிவு செய்து வீட்டில் பார்க்கக் கொடுத்துவிட்டு, வகுப்பு நேரத்தைக் கணக்குப் போடவும் கேள்வி கேட்கவும் வைத்துக்கொண்டார். அந்த அனுபவத்தை 2015-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார். தண்ணீரைப் பற்றிய படிப்புக்கு இது மிகவும் பொருந்தும். கரும்பலகையில் எழுதிய சூத்திரத்தைப் படியெடுத்த மாணவனுக்கும், தன் வீட்டுக் கிணற்று நீரைப் புட்டியில் கொண்டுவந்து அளந்த மாணவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாடம் நடத்திய எவரும் அறிவர்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு வேர்விட்ட விதம் தனிக்கதை. காலராவுக்கு அஞ்சிய வெள்ளைக்கார அரசு, ஆக்ராவில் நுண்ணுயிரியலாளர் எர்னஸ்ட் ஹான்கின் 1890-களில் பரிந்துரைத்தபடி கிணறுகளில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கொட்டி ஊதா நிறமாக்கியது. கிண்டியில் எழுந்த கிங் இன்ஸ்டிட்யூட் அம்மைப்பால் தயாரிப்போடு தண்ணீர்ப் பரிசோதனையையும் ஏற்றது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் பொறியாளர் மேட்லியின் மணல் வடிகட்டிகள் சென்னைக்குச் சுத்திகரித்த நீரைக் கொடுத்தன. தூத்துக்குடியில் நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து உப்புக் கிணறுகளை நம்பிய ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் கொண்டுவரப் பாடுபட்டார். 1930-இல் அவர் மறைந்த பிறகே திட்டம் முழுமை பெற்றது. சாத்தான்குளம் போன்ற சிற்றூர்கள் இந்த வரிசையில் கடைசியில் நின்றன.

கிண்டி பொறியியல் கல்லூரியில் நீரியல் கற்பித்தவர்களில் தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்தவர் வா.செ. குழந்தைசாமி. கரூர் அருகே வாங்கலாம்பாளையத்தில் 1929-இல் பிறந்தவர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவருடைய இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வேடு (1964) ஒரு வடிநிலத்தில் பெய்த மழையில் எவ்வளவு, எந்த வேகத்தில் ஓட்டமாக வெளியேறும் என்பதைப் பற்றியது. அவரும் அவருடைய ஆசிரியர் வென் டே சௌவும் வடித்த பொது மாதிரி நீரியல் நூல்களில் இடம்பெற்றது. இது தரத்தைப் பற்றிய ஆய்வு ஆகாது என்று ஒதுக்கத் தோன்றும். தேரிக்காட்டில் நின்று பார்த்தால் அப்படி ஒதுக்க முடியாது. பெய்த மழை கடலுக்கு ஓடுகிறதா, நிலத்துக்குள் இறங்குகிறதா என்பதுதான் இங்கே கிணறு இனிக்குமா கரிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. தேற்றாங்கொட்டையும் முருங்கையும் கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்த உப்பை எந்த விதையாலும் எடுக்க முடியாது. ஆர்.ஓ. இயந்திரம் எடுக்கும், ஆனால் எடுத்த உப்பைக் கழிவுநீராக அதே ஊரில்தான் கொட்டும். உப்பைக் கீழே அழுத்தி வைக்க மேலிருந்து இறங்கும் மழைநீர் வேண்டும்.

இதை ஊரார் எப்போதோ புரிந்துகொண்டிருந்தார்கள். குளம் பெருகிய வருசம் கிணறு இனிக்கும் என்பது இங்கே கிழவிகளும் சொல்லும் கணக்கு. 1958-இல் மணிமுத்தாறு அணை வந்தபோது அதன் பிரதானக் கால்வாயின் கடைசி ரீச்சுகள், அதாவது கடைப் பகுதிகள், சாத்தான்குளம் பக்கத்துக் குளங்களுக்காகவும் வெட்டப்பட்டன. மூன்றாவது, நான்காவது ரீச்சில் தண்ணீர் திறக்கக் கோரி விவசாயிகள் மனுக் கொடுப்பது அன்று தொடங்கிய வழக்கம், இன்னும் நின்றபாடில்லை.

2021 மழைக்காலத்தில் திசையன்விளை அருகே ஆயன்குளம் படுகையில் நடந்தது இந்தப் பழைய அறிவைப் பொறியியல் பேராசிரியர்களின் மேசைக்குக் கொண்டுபோனது. நிரம்பி வழிந்த குளத்தின் உபரிநீர் ஒரு தோட்டக் கிணற்றுக்குள் விழுந்தது. வினாடிக்குச் சுமார் 50 கன அடி என்று அப்போதைய செய்திகள் குறித்தன. அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு 43 லட்சம் கன அடி. வாரக்கணக்கில் விழுந்தும் கிணறு நிரம்பவில்லை. ‘அதிசயக் கிணறு’ என்று கூட்டம் கூடியது. மாவட்ட நிர்வாகம் சென்னை ஐ.ஐ.டி.யின் சிவில் பொறியியல் துறையினரை அழைத்தது. அவர்கள் வந்து ஆராய்ந்து சொன்ன விளக்கம் சுண்ணாம்புப் பாறை. மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு நாள்பட நாள்பட அந்தப் பாறையை அரித்து, நிலத்துக்கடியில் குகைகளும் வாய்க்கால்களுமாகத் திறந்துவிடுகிறது. கிணற்றின் பக்கவாட்டில் அப்படி ஒரு வாய் இருந்தால் தண்ணீர் அங்கே தங்காமல் பல கிணறுகளுக்குப் போய்ச் சேரும். பருப்பை வேகவிடாத அதே சுண்ணாம்பு, வேகவைக்கும் நன்னீருக்குப் பாதையும் போட்டு வைத்திருக்கிறது.

அந்தப் பாதையில் வேகமாகப் போகும் தண்ணீர் மணலில் வடிகட்டப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குளத்தில் சாக்கடை கலந்தால், உரம் கலந்தால், அது அப்படியே அடுத்த ஊர்க் கிணற்றில் எட்டிப் பார்க்கும். அதிசயத்தைப் பார்க்க வந்த கூட்டத்தில் இதைப் பேசியவர்கள் குறைவு. இந்த வட்டாரத்துக் குளங்களைச் சுத்தமாக வைத்திருப்பது மீனுக்காகவோ அழகுக்காகவோ மட்டும் செய்ய வேண்டிய வேலையல்ல.

பிறகு 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களை மூழ்கடித்துவிட்டு, அவ்வளவும் கடலுக்குப் போனது. அந்த உபரியைத் தேரிக்குத் திருப்பத்தான் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாய் 2009-இல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்டிருந்தது. கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர். 16 ஆண்டுகள் இழுத்து, செலவு 1,060 கோடியைத் தாண்டி, 2025 பிப்ரவரியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 252 குளங்களும் 5,220 கிணறுகளும் பயன்பெறும் என்பது அரசின் கணக்கு.

குளம் நிரம்பியதைக் கண்ணால் பார்க்கலாம். கிணறு இனித்ததை அளந்துதான் சொல்ல வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்து ஒரு பெட்டியும் கொடுக்கிறார்கள். குளோரைடு சோதிக்க மஞ்சள் நிறத் துளியைக் கலந்து, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் செங்கல் நிறமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். சொட்டு கூடினால் உப்பு கூடுதல். கல்லூரி ஆய்வகத்தில் நடப்பதும் இதே வேலைதான். திருச்செந்தூரிலும் திருநெல்வேலியிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கால்வாயின் கடைசி மைலில் உள்ள கிணறுகளை அங்கே படிக்கும் பிள்ளைகளும் இந்தப் பெண்களும் சேர்ந்து குறிக்கலாம். புரட்டாசியில் ஒரு தடவை, தை பிறந்து ஒரு தடவை, கிணற்றின் பெயர், நீர்மட்டம், சொட்டு எண்ணிக்கை. 5,220-இல் நூறு கிணறுகளுக்கு இந்தக் கணக்கைப் பத்து வருடம் எழுதி வைத்தால், அடுத்த மனுவோடு அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம்.